இன்னும் கொஞ்சம் பின்னால் வா

கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற தம்பதிகளின் லட்சணம், கேரவன்கள் தங்கும் முகாமில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தெரிந்துவிடும். முன்னால் பிக்கப் வண்டியில் புருஷன் உட்கார்ந்திருப்பான். கொக்கியில் மாட்டிய கேரவன் ஒரு முழு வீடாக நின்று அவன் முதுகுப் பக்கத்தை மறைக்கும். பெண்டாட்டி கடைசியில் போய் நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்ல வேண்டும். அவன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவன் வலப்பக்கம் போகும். இவள் சொல்வது தன் இடதா அவன் இடதா என்று இரண்டு பேரும் குழம்புவார்கள். பக்கத்து இடத்துக்காரர்கள் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பியரைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்தியானாவிலிருந்து கிளம்பி, அயோவாவில் முதல் முகாமுக்கு வந்து சேர்ந்த சாயங்காலம் எங்களையும் அப்படித்தான் பார்த்தார்கள். நான் "நிறுத்து மனுஷா, நிறுத்து" என்று கத்தக் கத்த, என் புருஷன் டுவைட் நிதானமாகப் போய்த் தண்ணீர்க் குழாயின் கம்பத்தை இடித்தான். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். இறங்கி வந்து கம்பத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்றான். முகாம் முழுக்கக் கேட்டது அவனுக்குக் கேட்கவில்லையாம். நாய்க்கு முடி சீவிக்கொண்டிருந்த ஒரு கிழவர் கைதட்டினார்.

வெட்கத்தில் நான் விறுவிறுவென்று போய்க் கேரவனின் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். வைத்த காலை அப்படியே வெளியே எடுத்தேன்.

உள்ளே நாறியது.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ரகம் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மலம், சீழ், வாந்தி, மடிப்பில் காய்ந்துபோன ரத்தம், எல்லாவற்றையும் கையால் பிரித்துப் போட்டிருக்கிறேன். இது அந்த வகைகளில் எதிலும் சேரவில்லை. முதலில் இனிப்பாக வந்தது, அழுகிய பேரிக்காய் மாதிரி. பிறகு அடியிலிருந்து கொழகொழத்த ஒன்று எழுந்து வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. என்னை அறியாமல் எச்சிலை விழுங்கினேன். அதையும் சேர்த்து விழுங்கிவிட்டோம் என்ற நினைப்பில் குமட்டியது.

டுவைட்டைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவனுக்கு மோப்பம் அடியோடு போய்விட்டது. திரிந்த பாலைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்கிறவன். உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்று கட்டிலில் உட்கார்ந்தான்.

பழைய கேரவன் அது. பக்கத்து மாவட்டத்தில் கர்ட்டிஸ் என்று ஒருவனிடம் வாங்கினோம். அப்பா அம்மாவோடது, இரண்டு பேரும் போய்விட்டார்கள், எங்களுக்கு இதை வைத்துக்கொள்ள இடமில்லை என்றான். மெத்தை புதிது, தரைவிரிப்பு புதிது, விலை சல்லிசு. சல்லிசு என்றால் டுவைட்டுக்குக் கண் தெரியாது. மூக்கு ஏற்கனவே கிடையாது. வாங்கின அன்று ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்ததால் எனக்கும் தெரியவில்லை.

இந்தப் பயணமே டுவைட்டின் யோசனைதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் வேலையை விட்ட பிறகு, அவன் ஒரு அறையில் தொலைக்காட்சி பார்ப்பான், நான் இன்னொரு அறையில் பார்ப்பேன். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேற்கே ஓரிகன் வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். ஆனால் எனக்கும் அவன் வேண்டும். அவன் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும், போகாதே என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் பெட்டியைக் கட்டினேன்.

அயோவாவில் அன்றைக்கே ப்ளீச்சை ஊற்றி எல்லாவற்றையும் தேய்த்தேன். மறுநாள் காலையில் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் என் கணுக்கால் வரை நின்றது. குனிந்து வடிகாலின் மூடியைக் கழற்றினேன். விரலில் முடி தட்டுப்பட்டது. இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. நரைத்த முடி, என் முழங்கை நீளத்துக்கு. என் தலைமுடி காதைத் தாண்டாது, சலவைக்கூடத்துப் பழக்கம். டுவைட்டின் தலையில் சீப்புக்கு வேலையே இல்லை. முடிக் கற்றையின் நுனியில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ பற்றியிருந்தது. அது என்ன என்று என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. செத்துப்போனவர்களின் விரிப்புகளை நான் துவைத்திருக்கிறேன்.

முடியைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, உனக்கு வேறு ஒருத்தி இருந்தால் அவளை மொட்டையடித்துக்கொண்டு வரச் சொல் என்றேன். டுவைட் சிரித்தான். நாங்கள் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் அந்த மெழுகைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. பழைய வண்டி, பழைய அழுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நெப்ராஸ்காவில் ஏரிக்கரை முகாம் ஒன்று பிடித்துப்போய் நாலைந்து நாள் தங்கினோம். அங்கேதான் டுவைட் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தான். கேரவனின் கழிப்பறைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அதன் வால்வை மூடியே வைத்திருந்து, தொட்டி நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். அடிக்கடி திறப்பதற்கு யார் எழுந்து போவது என்று டுவைட் வந்த அன்றைக்கே வால்வைத் திறந்து விட்டுவிட்டான். புதிதாகக் கேரவன் வாங்கினவர்கள் எல்லாரும் ஒரு தடவை செய்கிற தப்பு இது. தண்ணீர் மட்டும் வடிந்துபோகும். மற்றதெல்லாம் தொட்டிக்குள்ளேயே குவிந்து, காய்ந்து, கல்லாகும்.

கிளம்புகிற நாள் காலையில் தொட்டி அசையவில்லை. டுவைட் தோட்டத்துக் குழாயைக் கழிப்பறை வழியாக உள்ளே விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினான். நான் வெளியே கையுறையோடு குந்திக்கொண்டு கழிவுக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். தொட்டியிலிருந்து என்ன வருகிறது என்று தெரிவதற்காக அந்தக் குழாயின் தலைப்பில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளைவை மாட்டுவார்கள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் கூட்டத்தின் தலையெழுத்து. முதலில் பழுப்பாக வந்தது. அது எங்களுடையது, அதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு முடி வந்தது.

ஒரு கொத்து, இன்னொரு கொத்து, பிறகு வளைவையே அடைத்துக்கொண்டு ஒரு பந்து. நரைத்த முடி, வெள்ளை மெழுகோடு. உள்ளே டுவைட் தண்ணீரைத் திறந்துவிட விட அந்தப் பந்து மெல்லத் திரும்பியது. அதற்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று பிளாஸ்டிக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. நகம். சாயம் பூசிய முழு நகம். அதன் அடியில் தோல் கொஞ்சம் வெளுத்து ஊறிப்போய் இருந்தது.

நான் ஏரிக்கரையில் போய் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால், டுவைட் கேரவனின் வாசலில் நின்று தலையை உயர்த்தி, கண்களை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். நான்கு வருஷமாக நான் பார்க்காத முகம் அது.

"என்ன சமைக்கிற லோர்னா?" என்றான். "பன்னித்தொடை வெங்காயத்தோட வேகுற வாசனை. எனக்கு வாசனை தெரியுது."

அடுப்பு பற்றவைக்கவே இல்லை. திறந்த கதவு வழியாக என் முகத்தில் அடித்தது அந்த நாற்றம்தான், முன்னைவிடக் கெட்டியாக. அவன் எச்சில் ஊறி விழுங்குவதைப் பார்த்தேன். என் வயிற்றில் மிச்சம் இருந்ததும் வந்துவிட்டது.

கர்ட்டிஸுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மழுப்பினான். இளஞ்சிவப்பு நகம் என்றதும் மழுப்புவதை விட்டான். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

அவன் அம்மா பெயர் வெல்மா. கடலைப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு ஜூலை மாதம் அவர்கள் இரண்டு பேரும் இதே கேரவனில் கிளம்பினார்கள். வழியில் ஒரு மத்தியானம் அவள் கட்டிலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அப்பா யாருக்கும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பவும் இல்லை. முகாம் முகாமாக நிறுத்தி, அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்து, அவள் பக்கத்திலேயே படுத்து, காலையில் கிளம்பி ஓட்டியிருக்கிறார். வயோமிங்கில் பக்கத்து இடத்துக்காரர்கள் நாற்றம் தாங்காமல் புகார் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. அந்த வெயிலில் இரண்டு வாரம்.

"தினமும் அவங்களைக் குளிப்பாட்டியிருக்கார்" என்றான் கர்ட்டிஸ். "கழுவக் கழுவ வந்துட்டே இருந்துச்சுன்னு அவரே சொன்னார். வந்ததை எல்லாம் கழிப்பறையில போட்டுத் தண்ணி விட்டிருக்கார். நாங்க தொட்டியை ரெண்டு தடவை ஆள் வெச்சுச் சுத்தம் பண்ணிட்டோம்மா. சத்தியமா காலியா இருந்துச்சு."

ஏன் எங்களிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க வாங்கியிருப்பீங்களா என்றான். தொலைபேசியை நடு ஏரியில் எறியலாம் போலிருந்தது.

டுவைட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை இங்கேயே எவன் தலையிலாவது கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றேன். அருவருப்புப் படுவான் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. செத்தவள் என்ன செய்வாள், கடல் வரைக்கும் போய்விட்டு விற்றுவிடலாம் என்றான். பாவம் அந்தப் பொம்பளை என்று வேறு சொன்னான். நான் பாவமில்லை போலிருக்கிறது.

அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் போய்ப் படுக்கவும் முடியவில்லை. பிக்கப் வண்டியின் பின்சீட்டில் கம்பளியை விரித்துக்கொண்டேன். அவன் வழக்கம்போல உள்ளே படுத்தான். இப்போது யோசித்தால், அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இருக்க முடியாது. என் புருஷனை நானே கட்டிலில் விட்டுவிட்டு வெளியே வந்து கதவையும் சாத்தினேன்.

காலையில் அவன் விசிலடித்துக்கொண்டு இறங்கினான். கன்னம் சிவந்து, பத்து வயது குறைந்தாற்போல இருந்தான். காப்பி மணக்கிறது என்றான், வெண்ணெய் மணக்கிறது என்றான், வாய் ஓயாமல் பேசினான். திரும்பியபோது அவன் பனியனைப் பார்த்தேன். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரக் கறை. மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காக, நடுவில் அழுந்திப்போய் இருந்தது. நானும் கல்யாணமான புதிதில் அந்தத் தோளில்தான் தலை வைத்துத் தூங்குவேன்.

பனியனைக் கழற்றி வாங்கி முகாமின் சலவை இயந்திரத்தில் போட்டேன். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு தடவை துவைத்தேன். என் தொழிலில் நான் எடுக்காத கறை கிடையாது. இது எடுபடவில்லை. உலர்த்தியில் போட்டதும் சூட்டில் நாற்றம் கிளம்பி, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பனியனைக் குப்பையில் போட்டேன். மறுநாள் அடுத்த பனியனிலும் அதே இடத்தில் இருந்தது. கூடவே இரண்டு நரைத்த முடி.

வயோமிங்குக்குள் நுழைந்தபோது காற்று வண்டியைத் தள்ளியது. ஓட்டிக்கொண்டே டுவைட் தன் பாட்டுக்கு லேசாகச் சிரித்துக்கொள்வான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். நான் பேசினால் ஒரு கணம் தாமதமாகத்தான் என் பக்கம் திரும்புவான், இன்னொருவர் பேசி முடிக்கக் காத்திருந்தவன் போல. எனக்கு அழுகை வந்தது. கடைக்குக் கூப்பிட்டால்கூட வராத மனுஷன், ஒரு பிணத்தோடு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறானே என்று எரிச்சலும் வந்தது. அந்த நாற்றம் இப்போது முன்வண்டிக்கும் வந்துவிட்டது. அவன் கழுத்திலிருந்து வந்தது.

சாயங்காலம் ஒரு முகாமில் இடம் கிடைத்தது. ஆற்றோரம், குறுகலான இடம், கடைசியில் தடித்த மரம் ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் சரிவு. நான் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். பக்கத்து இடத்தில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வேடிக்கைக்குத் தயாராகி இடுக்கியைக் கீழே வைத்தார்.

பொத்தானை அழுத்தி, வா என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்வதற்கு முன்பே கேரவன் நகர ஆரம்பித்தது.

இவ்வளவு அழகாக அவன் வண்டியைப் பின்னால் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு திணறல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. கயிறு பிடித்து இழுத்தாற்போல வளைந்து உள்ளே வந்தது. சிவப்புத் தொப்பிக்காரர்கூட விசிலடித்துப் பாராட்டினார். நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். கேரவனும் அந்தப் பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் போனேன். அதுவும் வந்தது.

"போதும் டுவைட், நிறுத்து" என்றேன்.

நிற்கவில்லை.

பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினேன். முதுகு மரத்தில் இடித்தது. கேரவனின் பின்ஜன்னல் என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் இருட்டு. கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பிசுக்குத் தடம், நெற்றி வைத்து அழுத்திப் பார்த்தால் விழுமே, அந்த மாதிரி.

என் கையில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னால வா, கண்ணா."

பெண் குரல். வயதான குரல். தொண்டைக்குள் சளி கட்டினாற்போல ஒரு ஈரம் அதில் இருந்தது. கனிவான குரல்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இடம் இருக்கு. வா, வா."

பின்பக்கத்து இரும்பு என் இடுப்பைத் தொட்டது. மரத்தோடு சேர்த்து அழுத்தியது. விலா எலும்பில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மூச்சை இழுத்தேன், காற்று வரவில்லை, அந்த நாற்றம்தான் வந்தது. என் வாயை முழுக்க நிரப்பியது. கத்தக்கூட இடமில்லை.

சிவப்புத் தொப்பிக்காரர் ஓடிப்போய்ப் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். வண்டி நின்றது. முன்னால் நகர்ந்தது. நான் மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தேன்.

டுவைட் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "ஒரே தடவையில உள்ள விட்டுட்டேன் பாத்தியா? நீ இன்னைக்குச் சொன்ன மாதிரி ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைக் கண்ணான்னு கூப்பிட்ட."

பிறகு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

சிவப்புத் தொப்பிக்காரர் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். டுவைட் கூடவே வந்து, வழி முழுக்க என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்ததும் நான் கேரவனுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். அதை இங்கேயே விட்டுவிட்டு வா, இல்லையென்றால் நான் இந்த மனிதரின் வண்டியில் ஏறி ஏதாவது பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவேன் என்றேன். நாற்பது வருஷத்தில் நான் அவனிடம் வைத்த முதல் நிபந்தனை அது.

அவன் என்னைத் தாண்டிக் கேரவனைப் பார்த்தான். அந்தப் பார்வை என் விலா எலும்பைவிட அதிகமாக வலித்தது.

"அவ கடலைப் பாக்கலை லோர்னா" என்றான்.

"நானும்தான் பாக்கலை."

"அவளுக்கு இடது பக்கம் ஒருக்களிச்சாத்தான் தூக்கம் வருமாம். இல்லைன்னா மூச்சு முட்டுமாம்."

"யார் சொன்னா?"

யார் சொன்னது என்று அப்போதுதான் அவனே யோசித்தான் போலிருக்கிறது. முகம் வெளுத்தது. கைகளை மோந்து பார்த்தான். இரண்டாவது தடவை மோந்தபோது, முதல் முறையாக, என் மூக்குக்குத் தெரிந்தது அவன் மூக்குக்கும் தெரிந்தது. அப்படியே மண்டியிட்டுப் புல்லில் வாந்தி எடுத்தான். நான் போய் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கட்டு போட்ட விலாவோடு குனிந்து அதைச் செய்தபோது, இனி பயமில்லை, இவன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

கொக்கியை அவனே கழற்றினான். முகாம்காரரிடம் பத்திரத்தைக் கொடுத்து, அதை நசுக்குகிற இடத்துக்கு அனுப்பச் சொன்னோம். கிளம்பும்போது இரண்டு பேரும் பின்பக்கக் கண்ணாடியில் பார்க்கவில்லை.

பிறகு வந்த நாட்களைச் சொல்ல எனக்குப் பிடித்திருக்கிறது. விடுதிகளில் தங்கினோம். மருந்து வாசனை அடிக்கிற வெள்ளை விரிப்பில் நான் முகம் புதைத்துத் தூங்கினேன். டுவைட்டுக்கு மோப்பம் மறுபடி போய்விட்டது. ஐடஹோவில் ஒரு உணவகத்தில் பச்சை வெங்காயத்தை அவன் மூக்கடியில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை என்றான். ஒரு பெண்டாட்டி அதற்குச் சந்தோஷப்படுவாளா, நான் பட்டேன். வண்டியில் வழியெல்லாம் பேசினோம், அவன் தோளில் ஏன் தலை வைப்பதை விட்டேன் என்பது வரைக்கும் பேசினோம். அவனைக் கண்ணா என்று கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. அந்தச் சொல்லை அவள் எச்சில்படுத்திவிட்டுப் போயிருந்தாள். வாய்வரை வந்ததும் குமட்டியது.

ஓரிகன் கடற்கரைக்கு ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது, காற்று ஊசியாகக் குத்தியது. ஆள் நடமாட்டமே இல்லை. டுவைட் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஈரமணலில் முன்னால் நடந்தான். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். உப்புக்காற்று நுரையீரலைக் கழுவிவிட்டாற்போல இருந்தது. இத்தனை தூரம் இதற்காக வந்தது தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

அவன் வலது கை குளிருக்குச் சட்டைப்பைக்குள் இருந்தது. இடது கை உடம்பை விட்டுச் சற்று விலகி, விரல்கள் பாதி மூடித் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கைகோத்து நடந்து எத்தனையோ வருஷம். கடலைப் பார்க்க வந்த இடத்திலாவது பிடிப்போம் என்று எட்டி நடந்து, அந்த இடது கைக்குள் என் கையை நுழைத்தேன்.

உள்ளே ஏற்கனவே ஒரு கை இருந்தது.

சில்லென்று, சொதசொதவென்று இருந்தது. என் விரல்கள் பட்டதும் அதன் தோல் தளர்ந்த கையுறை மாதிரி வழுக்கி நகர்ந்தது. அடியில் இருந்த எலும்பு எனக்குத் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டுவைட்டின் விரல்களும் என் விரல்களும் மட்டும்தான் தெரிந்தன, நடுவில் ஒரு கை அளவுக்கு இடைவெளியோடு.

"பாத்தியா?" என்றான் டுவைட், கடலைப் பார்த்தபடி, ரொம்ப மெதுவாக. என் பக்கம் அவன் திரும்பவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டேன். கையை எடுத்தால் அவன் முழுசாக அவளுக்குப் போய்விடுவான். நான் எடுக்கவில்லை.

அவளும் எடுக்கவில்லை.